கிளாஸ்கோவின் இரண்டாவது அளவுகோல்

தலையில் அடிபட்ட ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் தூக்கி வந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "ஜி.சி.எஸ். எவ்வளவு?" என்பது. கண் திறக்கிறாரா, பேச்சுக்குப் பேச்சு வருகிறதா, சொன்னபடி கை கால் அசைகிறதா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் இந்த முறையை 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்தார்கள். இன்று தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் அந்த மூன்றெழுத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

அதே நகரிலிருந்து 1986-ல் இன்னோர் அளவீடு வெளிவந்தது. கடுமையான தலைக்காயத்திலிருந்து பிழைத்த 42 பேரின் வீட்டாரை நீல் புரூக்ஸும் அவருடைய குழுவினரும் ஐந்தாண்டுகள் வரை பின்தொடர்ந்து விசாரித்தார்கள். "ஆளின் குணமே மாறிவிட்டது" என்று சொன்ன வீடுகள் மூன்றாம் மாதத்தில் 49 சதவீதம், ஓராண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 74. பராமரிப்பவரின் சுமையும் முதலாண்டைவிட ஐந்தாம் ஆண்டில் கூடியிருந்தது. 42 என்பது சிறிய தொகை. களைத்துப்போனவர்களின் வாக்குமூலத்தில் களைப்பும் கலந்திருக்கும். ஆகவே அந்த எண்களின் நுட்பத்தைவிட அவை ஏறிய திசையையே நான் எடுத்துக்கொள்கிறேன். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்ற பொது நம்பிக்கைக்கு நேர் எதிரான திசை அது.

முதல் அளவுகோல் படுத்திருப்பவரைப் பார்த்து அளக்கிறது. இரண்டாவது, அவரோடு வாழ்பவரைக் கேட்டு அளக்கிறது. முதலாவது உலகின் வார்டுகளுக்கெல்லாம் பரவியது. இரண்டாவது பெரும்பாலும் ஆய்வேடுகளோடு நின்றுபோனது. மூளைக்காயத்தோடு வாழ்பவர்களுக்கான உரிமைப் பணியையும் சமூக ஆதரவையும் மதிப்பிட இந்த இரண்டாவது அளவுகோலே தகுதியானது என்பது என் துணிபு. ஒரு திட்டமோ சட்டமோ அமைப்போ விபத்து நடந்த அன்று என்ன செய்தது என்று மட்டும் கேட்டால் போதாது. ஐந்தாம் ஆண்டில் அது எங்கே நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். இக்கட்டுரை தமிழ்நாட்டை மையமாக வைத்து அந்தக் கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்கிறது.

மீட்புப் பணியிலிருந்து தொடங்குவதே நியாயம். அங்கேதான் சாதனை மறுக்க முடியாதது. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இந்தப் பெருக்கத்துக்கு எதிரே மாநிலம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், காப்பீடு உண்டா என்று கேளாமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை ஏற்றது. தனியார் மருத்துவமனையையும் அதற்குள் கொண்டுவந்தது. முன்பணம் கட்டாததால் வாசலில் காத்துக் கிடந்த உயிர்களுக்கு இது தெளிவான பதில். நோக்கத்துக்கும் கருவிக்கும் இடையில் இவ்வளவு பொருத்தம் கொண்ட நலத்திட்டங்கள் அரிது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இதே தர்க்கத்தை 7 நாட்களுக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் நீட்டியது.

ஆனால் இவற்றின் தர்க்கம் கடிகாரத்தின் தர்க்கம். 48 மணி நேரம், 7 நாள் என்ற எல்லைகள் உயிர் போவதா தங்குவதா என்ற கேள்விக்கு உரியவை. மூளைக்காயத்தின் கேள்வி அதற்குப் பிறகே பிறக்கிறது. இருபத்தைந்து வயதில் பிழைத்தவர் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழக்கூடும். மறதி, சட்டென்று எரியும் கோபம், தொடங்கிய வேலையை முடிக்க முடியாமை, பத்து நிமிடம் பேசினாலே வரும் சோர்வு ஆகியவற்றோடு வாழும் நாற்பது ஆண்டுகள் அவை. மீட்புத் திட்டத்தை அது ஏற்றுக்கொள்ளாத வேலைக்காகக் குறைசொல்வது நேர்மையாகாது. அடுத்த கண்ணி இல்லாத சங்கிலியை முழுமை என்று பாராட்டுவதும் நேர்மையாகாது.

அடுத்த கண்ணி சட்டம். 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் 7 வகைகளை 21 ஆக விரித்தது. அதன் வரையறை உயர்ந்தது. நீண்டகாலக் குறைபாடும் சூழலின் தடைகளும் சேர்ந்தே ஒருவரின் பங்கேற்பைத் தடுக்கின்றன என்று அது சொல்கிறது. உடலை மட்டும் பார்த்த பழைய பார்வையிலிருந்து இது உண்மையான முன்னேற்றம். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்ற கருத்தையும் சட்டமே ஏற்கிறது.

அட்டவணைக்குப் போனால் அந்த உயரம் குறைந்துவிடுகிறது. தலைக்காயத்தால் வரும் பாதிப்பு அங்கே தனி வகையாக இல்லை. காயம் கை காலை முடக்கியிருந்தால் இயக்கக் குறைபாடு, பேச்சைக் குலைத்திருந்தால் பேச்சு மொழிக் குறைபாடு என்று துண்டு துண்டாக நுழைய வழி உண்டு. நடக்கவும் பேசவும் முடிந்து, நினைவும் நிதானமும் மட்டும் போயிருந்தால் எந்த வாசல்? மனநோய் என்ற வகையின் வரையறையைக் கூர்ந்து படித்தால் நினைவு, முடிவெடுக்கும் ஆற்றல், நடத்தை ஆகியவற்றின் பெருங்கோளாறு அதற்குள் வருகிறது. எனவே சட்டம் கதவை அடைத்துவிட்டது என்பது மிகை. வேறொருவரின் பெயர்ப்பலகை மாட்டிய கதவு அது என்பதே சரியான கூற்று. மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கதவை நாடாமலே திரும்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் தயக்கத்தில் நம் சமூகத்தின் பழைய களங்கப் பார்வை இருக்கிறது, அது கண்டிக்கத்தக்கது. ஆயினும் காயத்தைக் காயம் என்றே அழைக்கக் கேட்பது களங்கப் பார்வை ஆகாது. துல்லியம் கேட்பதாகும்.

இதில் உற்று நோக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. மனநோய்க்கான பாதிப்பை மதிப்பிட இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கிய ஐடியாஸ் என்ற அளவுகோலைத்தான் அரசின் வழிகாட்டு நெறிகள் பயன்படுத்துகின்றன. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் அது மதிப்பிடுகிறது. பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் நிற்காமல் வீட்டாரையும் விசாரிக்கிறது. கிளாஸ்கோவின் இரண்டாவது அளவுகோலுக்கு மிக அண்மையில் வரும் கருவி நம்மிடமே இருக்கிறது! அது மூளைக்காயத்தின் பெயரால் இன்னும் அழைக்கப்படவில்லை என்பதே குறை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் உட்கார்ந்திருப்பவர் பெயர் சொல்கிறார், தேதி சொல்கிறார், எழுந்து நடந்து காட்டுகிறார். ஐந்து நிமிடப் பார்வைக்கு அவர் நலமானவர். வெளியே காத்திருக்கும் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும். அவரைக் கேட்காத எந்தச் சதவீதமும் பாதி அளவையே.

பாதுகாவலர் சட்டத்திலும் இதே இடைவெளி. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மாவட்ட அளவிலேயே பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. விபத்தில் மூளை காயப்பட்டுக் கோமாவில் கிடக்கும் குடும்பத் தலைவருக்கு அந்த எளிய வழி இல்லை. அவருடைய சொத்தையோ வங்கிக் கணக்கையோ கையாள மனைவி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இத்தகையோருக்குப் பாதுகாவலர் நியமிக்க வழிமுறைகள் வகுத்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தனி நீதிபதி மறுத்ததை மாற்றி, ஒரு மனைவியைப் பாதுகாவலராக ஏற்றது. நீதிமன்றங்களின் மனிதாபிமானம் போற்றத்தக்கது. அது தேவைப்பட்டதே சட்டத்தின் தோல்விக்குச் சான்று.

நீதிமன்றத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முறைமையில் மிகச் சிறந்த சிந்தனை இத்துறையில் உரிமைச் சட்டத்திடமிருந்து வரவில்லை, விபத்து இழப்பீட்டு வழக்குகளிலிருந்து வந்தது. உடலின் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுக்கக் கூடாது, அந்த மனிதரின் தொழிலுக்கு அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாக்கியது. ஒரு கையை இழந்த ஓட்டுநரும் ஒரு கையை இழந்த எழுத்தரும் இழந்தது ஒன்றல்ல என்பது அதன் சாரம். மூளைக்காயத்துக்கு இந்தப் பார்வை உயிரானது. மேஸ்திரிக்கு வேலையின் வரிசையை மனத்தில் வைத்திருப்பதே தொழில். மளிகைக் கடைக்காரருக்கு யார் கடன் பாக்கி என்ற நினைவே முதல். இவை எக்ஸ்ரேயில் தெரியாது. 2020-ல், 12 வயதில் விபத்தில் மூளை சிதைந்த ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பராமரிப்பாளர் செலவை ஒட்டுமொத்தமாக ஏதோ ஒரு தொகை என்று விடாமல், இரண்டு பராமரிப்பாளர்களுக்கு மாதத்துக்கு 10,000 ரூபாய், அதற்குப் பெருக்கற்காரணி 18 என்று கணக்கிட்டு 21,60,000 ரூபாய் வழங்கியது. மொத்த இழப்பீடு 62 லட்சத்தைத் தாண்டியது. பராமரிப்பு என்பது ஆண்டுகளால் அளக்க வேண்டிய உழைப்பு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

மறுபக்கமும் உண்டு. அந்தச் சிறுமிக்கு விபத்து நடந்தது 2007-ல். தீர்ப்புக்கும் விபத்துக்கும் இடையில் 12 ஆண்டுகளுக்கு மேல். ஐந்தாம் ஆண்டின் கேள்விக்குப் பதிமூன்றாம் ஆண்டில் வந்த விடை எத்தனை சரியானதாக இருந்தாலும் தாமதமானதே. மேலும் இது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும் உரிய வழி. தென்னை மரத்திலிருந்து விழுந்தவருக்கும் கட்டுமானச் சாரத்திலிருந்து விழுந்தவருக்கும் மூளைக்காய்ச்சலால் நினைவிழந்தவருக்கும் அங்கே இடமில்லை. இழப்பீடு பணம் தரும், துணை தராது.

துணை என்றால் என்ன என்பதற்கு அயல்நாட்டு முன்மாதிரிகளை எடைபோடலாம். 1979-ல் பிரிட்டனில் ஹெட்வே, 1980-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மர்லின் பிரைஸ் ஸ்பிவாக் தொடங்கிய தேசியத் தலைக்காய அமைப்பு ஆகிய இரண்டும் குடும்பங்கள் கட்டியவை. ஸ்பிவாக்கின் மகளும் விபத்தில் காயப்பட்டவரே. அமெரிக்க இயக்கம் சட்டத்தில் பெயர் பெறுவதைத் தன் முதல் வேலையாக எடுத்தது. அதன் பலன் துல்லியமானது: 1990-ல் கல்விச் சட்டம் தலைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்தது, 1996-ல் தலைக்காயத்துக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. தொடங்கிப் பத்தே ஆண்டில் பெயர், பதினாறு ஆண்டில் சட்டம். இலக்கைத் தெளிவாக வரையறுத்த இயக்கத்தின் சாதனை இது. அதன் குறை, சட்டத்தில் பெயர் பெறுவதும் ஊர்த் தெருவில் துணை பெறுவதும் ஒன்றே என்று எண்ணச் செய்யும் ஆபத்து.

ஹெட்வே ஊர்க் குழுக்களின் வழியைத் தேர்ந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட குழுக்களும் கிளைகளும் அதன் குடையின்கீழ் உள்ளன. 2017-ல் அது கொண்டுவந்த மூளைக்காய அடையாள அட்டை எளிமையான சிந்தனையின் சிறந்த விளைவு. காவலரின் முன் தடுமாறிப் பேசுபவர் குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டும் முன் படிக்கச் சில வரிகள். கண்ணுக்குத் தெரியாத காயத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருவி அது. குறையும் அமைப்பிலேயே இருக்கிறது. பல குழுக்கள் தனித்தனி அறநிறுவனங்களாக இயங்குவதால், நல்ல துணை கிடைப்பது ஒருவர் வாழும் ஊரைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மூன்றாவது முன்மாதிரி கிளப்ஹவுஸ். 1948-ல் நியூயார்க்கின் ஃபவுண்டன் ஹவுஸில் மனநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தோன்றி, பின்னர் மூளைக்காயமுற்றோரும் எடுத்துக்கொண்ட முறை இது. வருபவர் நோயாளி அல்ல, உறுப்பினர். சமையல், கணக்கு, தொலைபேசி என்று அந்த இடத்தை நடத்தும் வேலையை ஊழியரோடு பகிர்ந்து செய்கிறார். நினைவு நழுவும் ஒருவருக்கு அறிவுரையைவிட அன்றாட வரிசை பெரிய மருந்து என்பதால் இதன் முறைமை நோயின் இயல்போடு பொருந்துகிறது. மூன்றிலும் அக ஒத்திசைவு மிக்கது இதுவே. பரப்பில் மிகச் சிறியதும் இதுவே. பேருந்து வசதியும் நிலையான நிதியும் இல்லாத இடத்தில் இது நிற்காது. உள்ளே கிடைக்கும் மரியாதை வெளியுலகத்துக்கு நகராமல் போகும் அபாயமும் உண்டு.

இங்கே நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1975-ல் முதுகுத்தண்டு காயமுற்ற எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முனைப்பில் 1966-ல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிறுவனம் எழுந்தது. இவை இரண்டும் காயப்பட்டவரே கட்டிய நிறுவனங்கள். மூளைக்காயத்துக்கு ஏன் அப்படி ஒரு பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை? அக்கறைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. முதுகுத்தண்டு முறிந்தவரிடம் திட்டமிடும் மூளையும் வாதாடும் நாவும் முழுதாக இருக்கின்றன. மூளைக்காயம் தாக்குவது அந்தக் கருவியையே. அதனால் இந்தத் துறையில் குரல் எப்போதும் குடும்பத்தின் வழியாகவே வருகிறது. இதுவே இதன் தனித்தன்மை, இதுவே இதன் இடர்ப்பாடும்கூட. பராமரிக்கும் தாயின் சோர்வும் காயப்பட்ட மகனின் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. மகன் தனியாகப் பேருந்து ஏற விரும்புவான், தாய் பூட்டிவைக்க விரும்புவாள். இருவருக்காகவும் பேசும் அமைப்பு, இருவரும் வேறு வேறு மனிதர்கள் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் பெயரிலேயே பாதுகாப்போரையும் வைத்திருப்பது இந்த வகையில் மதிக்கத்தக்க முன்னோடி. இருவரையும் பெயரிட்டு, பெயரளவிலேனும் இருவரையும் அது தனித்தனியே ஏற்கிறது.

வீடு தேடி வரும் அரசின் கையும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்க இருவர் ஒருநாள் கூலியை இழக்கும் வீடுகளுக்கு இதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டிலும் வந்து நிற்கக்கூடிய ஒரே பொது ஏற்பாட்டின் வடிவம் இதில்தான் இருக்கிறது. ஆனால் அது வடிவத்தில் சரி, உள்ளடக்கத்தில் பாதி. கை காலை நீட்டி மடக்கக் கற்றுக்கொடுக்கும் கை, நாட்குறிப்பு வைத்து நாளை ஒழுங்குசெய்யவும், கோபம் ஏறும்போது வீட்டார் எப்படி விலகி நிற்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுப்பதில்லை. அந்தப் பயிற்சிக்கு அரிய கருவிகள் வேண்டாம், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டால் முடியாது என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. 2008-ல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புதானத் திட்டத்தைப் பாருங்கள். அரசாணை, பதிவேடு, துயரத்தில் நிற்கும் வீட்டாரோடு பேசப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் என எல்லாவற்றையும் இந்த மாநிலம் முறையாகக் கட்டியது. 2023-ல் உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் அறிவித்தது. இது நாட்டுக்கே வழிகாட்டிய செயல். அதே தீவிர சிகிச்சைப் பிரிவில், பக்கத்துக் கட்டிலில், உயிர் மீண்ட இன்னொருவர் இருந்தார். அவருடைய வீட்டாரோடு உட்கார்ந்து இனி வரும் ஆண்டுகளைப் பற்றிப் பேச ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்படவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளும் அடுத்த வருகைத் தேதியும் மட்டும் இருந்தன.

சமூகமும் இந்த மதிப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. முதல் மாதத்தில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் சுமந்து உறவினர் வரிசையாக வருவதில் நம் ஊருக்கு நிகரில்லை. அது வெறும் சடங்கு என்று நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அந்த வருகைகள் பல வீடுகளை இடிந்துபோகாமல் நிறுத்தியிருக்கின்றன. ஆறாம் மாதத்தில் வரிசை குறைகிறது. "பார்க்க நல்லாத்தானே இருக்காரு" என்ற சொல் வீட்டுக்குள் வருகிறது. ஆறுதலாகச் சொல்லப்படும் அந்தச் சொல், அந்த வீட்டின் அனுபவத்தையே பொய்யாக்கிவிடுகிறது. நண்பர் தன்னை மறந்துபோனதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு விலகுகிறார். எந்த நேரத்தில் துணை மிகுதியாகத் தேவைப்படுமோ, அந்த நேரத்தில் அது வற்றுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் என் தீர்ப்பு இது. மீட்பில் தமிழ்நாடு முதல் தரம். சட்டத்தில் இந்தியா கருத்தில் உயர்ந்தும் பட்டியலில் குறைந்தும் நிற்கிறது. நீதிமன்றம் முறைமையில் சிறந்து, காலத்தில் தோற்கிறது. சமூகம் தொடக்கத்தில் தாராளம், தொடர்ச்சியில் வறுமை. ஐந்தாம் ஆண்டு என்ற ஒரே கேள்வியில் எதுவும் முழுமையாகத் தேறவில்லை.

குறைகளில் ஒன்று எளிதில் தீரும். அட்டவணையில் பிற வகைகளைச் சேர்க்கும் அதிகாரத்தைச் சட்டமே மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. மூளைக்காயத்தைத் தன் பெயராலேயே சேர்த்து, வீட்டாரைக் கேட்கும் நம் சொந்த அளவுகோலை அதற்குப் பொருத்த ஓர் அறிவிக்கை போதும். மற்றது அறிவிக்கையால் தீராது. ஐந்தாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தின் வரிசையில் மனுவோடு நிற்கும் அந்த மனைவியிடம் "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேட்கும் வரை நகராமல் நிற்கும் மனிதர்கள் வேண்டும். புரூக்ஸின் குழு 1986-ல் செய்ததும் அடிப்படையில் அவ்வளவுதான். கேட்டார்கள், சொன்னதை நம்பினார்கள், எழுதிவைத்தார்கள்.